"யாரு மக்களே அவருக்குச் சோறு குடுத்தது?"

ஆரல்காற்று:

போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காற்றாடிமலைக்குப் போயிருந்தேன். ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொன்னேன். நட்டாலத்தில் 1712இல் நீலகண்டனாகப் பிறந்த தேவசகாயம், மார்த்தாண்டவர்மா காலத்தில் அரண்மனை உத்தியோகம் பார்த்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயோடு பழக்கம். வீட்டில் அடுக்கடுக்காக இழப்பு வந்து மனம் உடைந்திருந்தவருக்கு டிலனாய் சொன்னது, பைபிளில் எல்லாம் இழந்தும் நம்பிக்கை விடாத யோபுவின் கதை. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. நாலு வருடத்தில், 1749இல் கைது. எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். அவர் "நான் கிறிஸ்தவன் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

நான் இதையெல்லாம் உருக்கமாகச் சொல்லி முடித்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூணு வருசமாட்டு இழுத்துட்டு நடந்திருக்கானுவ. யாரு மக்களே அவருக்குச் சோறு குடுத்தது?"

எனக்குப் பதில் வரவில்லை. சுட்ட பிறகு உடலைக் காட்டில் எறிந்தார்கள். யாரோ தேடிப் போய் எலும்புகளைப் பொறுக்கி வந்து கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். கல்லறை இன்றும் இருக்கிறது, 2022 மே 15 அன்று உரோமையில் புனிதர் பட்டமும் கொடுத்தாகிவிட்டது. அரசன் தண்டித்த ஒருவரின் எலும்பைத் தொட்ட அந்தக் கை யாருடையது? அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை.

அதனால் இங்கே கேட்கிறேன். நம்பிக்கைக்காக அடிபட்டவர்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவர்கள் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றி உங்கள் வீட்டில் கேட்டது, நீங்களே கண்டது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எந்த மதமானாலும் சரி.

வேம்படி:

எங்கள் ஊர் பெருவிளை. தேவசகாயத்தை மாதக்கணக்காக வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்த ஊர். நான் இந்துக் குடும்பத்துப் பெண், ஆனால் சின்ன வயசிலிருந்தே அந்தக் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தாமல் பரீட்சைக்குப் போனது கிடையாது. காவலுக்கு நின்றவர்களே ஒரு கட்டத்தில் மனம் இளகி, பார்க்க வந்தவர்களைத் தடுக்காமல் விட்டார்கள் என்று எங்கள் பாட்டி சொல்லுவா. உங்க அம்மா கேட்ட கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அவரது மனைவி பார்கவியும் நினைவுக்கு வருகிறார். ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றவர். கணவர் போன பிறகு சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளம் போய் அங்கேயே காலத்தை முடித்தார். அவரைப் பற்றி யாரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. அது எனக்கு மனக்குறைதான்.

தலைப்பாகை:

அதே திருவிதாங்கூர், ஏறக்குறைய நூறு வருடம் கழித்து. நாங்கள் அய்யா வைகுண்டரை வணங்கும் அய்யாவழிக் குடும்பம். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பா முதன்முதலாகச் சாமிதோப்புக்குக் கூட்டிப்போனார். உள்ளே நுழையும் முன் துண்டை எடுத்து என் தலையில் கட்டினார். எனக்கு ஆச்சரியம். மற்ற கோவிலில் எல்லாம் தலையில் இருப்பதை அவிழ்க்கச் சொல்வார்களே, இங்கே ஏன் கட்டச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "நம்ம பூட்டன் காலத்துல தலையில துண்டு கெட்டுனா அடி விழும்லே. கக்கத்துல இடுக்கிக்கிட்டு குனிஞ்சு நிக்கணும். அய்யாதான் சாமி முன்னால தலைப்பா கெட்டிட்டு நில்லுன்னாரு" என்றார்.

அப்போது அது எனக்கு வெறும் கதை. வளர்ந்த பிறகுதான் அதன் கனம் புரிந்தது. வைகுண்டரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். அவருக்கு முடிசூடும் பெருமாள் என்று வைத்த பெயரைக்கூட, உயர்ந்த சாதிக்காரருக்கு உறுத்துகிறது என்று முத்துக்குட்டி என மாற்ற வைத்த காலம் அது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பனையேறி, எல்லாரும் பார்க்க, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார் என்றால் அவர் எத்தனை இரவு தூங்காமல் யோசித்திருப்பார்! வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பயந்திருப்பார்கள். எங்கள் இனத்துப் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரசாணை வந்தது 1859 ஜூலை 26இல்தான். அய்யா 1851லேயே வைகுண்டம் போய்விட்டார். அந்த எட்டு வருடமும் தலைப்பாகையை அவிழ்க்காமல் வைத்திருந்தது பெயர் தெரியாத சனங்கள்தான்.

சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் இன்றும் எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டு குளிக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதில் முதல் வாளியை இறக்கிய வேற்றுச் சாதிக்காரர் யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

ஓலைவேலி:

நான் யாழ்ப்பாணத்து வலிகாமம், சைவம். எங்கட அம்மம்மா விரதச் சாப்பாடு முடிஞ்சவுடன வாழை இலையை மடிச்சு வீட்டுக் கூரையில செருகி வைப்பா. கிடுகுக் கூரை போய் ஓடு போட்ட பிறகும் கை அந்தப் பக்கம் போகும். ஏன் அம்மம்மா எண்டு கேட்டால், "பறங்கியின்ர காலத்துப் பழக்கம் மோனை" எண்டுவா. பறங்கி எண்டால் போர்த்துக்கேயன். வெளியில எறிஞ்ச இலையைக் கண்டால் இந்த வீட்டில விரதம் பிடிக்கினம் எண்டு காட்டிக்குடுத்திடும். அதால ஒளிச்சு வைச்சவையாம். 1621இல நல்லூர்க் கோயிலை இடிச்சுப்போட்டாங்கள். கோயில் இல்லாத ஊரில சனம் வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திக்கொண்டு, நெஞ்சுக்குள்ள கும்பிட்டிருக்குது.

நான் இதை யோசிச்சுப் பாத்தனான். அயல் வீட்டுக்குத் தெரியாமல் யாழ்ப்பாணத்தில ஒண்டும் செய்யேலாது. ஓலை வேலிக்கு அங்கால சட்டி வைக்கிற சத்தம் கேக்கும். வெள்ளிக்கிழமையில மீன் வாசம் வரேல்லை எண்டாலே விளங்கிவிடும். அந்த அயலுக்கை ஞானஸ்நானம் எடுத்த சனமும் இருந்திருக்கும். அவையும் வாயைத் திறக்கேல்லை. எங்கட குடும்பத்தில அந்தப் பழக்கம் மிஞ்சினதே அவையின்ர மௌனத்தால எண்டுதான் நான் நம்புறன்.

ஒண்டையும் மறைக்கக் கூடாது. அதுக்கு முதல், 1544இல, எங்கட அரசன் சங்கிலி மன்னாரில கிறிஸ்தவர்களாகின சனத்தை நூற்றுக்கணக்கில வெட்டிக் கொலை செய்தவன். தோட்டவெளியில அவைக்குக் கோயில் இருக்குது. நான் போய் நிண்டிருக்கிறன். சங்கிலியை வீரன் எண்டு படிச்சு வளந்தவன் நான். அந்த மண்ணில நிக்கேக்க தலை தானாக் குனிஞ்சுது.

சில்லாலை:

ஓலைவேலி அண்ணை, நீங்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டு இரவு நித்திரை வரேல்லை. எங்கட பக்கத்திலயும் அதே கதைதான், ஆள் மட்டும் மாறிப்போச்சு. 1658இல பறங்கி போய் ஒல்லாந்தன், அதுதான் டச்சுக்காரன், வந்தான். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில இடம் குடுத்தால் மரண தண்டனை எண்டு அந்த வருசமே கட்டளை போட்டான். பிறகு முப்பது வருசம் வரைக்கும் பூசை கிடையாது, பாவசங்கீர்த்தனம் கிடையாது. பிள்ளையளுக்குச் செபத்தைத் தாய்மார் வாயால சொல்லிக் குடுத்திருக்கினம்.

1687இல கோவாவில இருந்து யோசே வாஸ் அடிகளார் வந்தார். பிச்சைக்காரன்ர கோலம். கழுத்தில செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாப் பிச்சை கேட்டுப் போனவர். மாலையைக் கண்டு ஆரின்ர முகம் மாறுது எண்டு பாக்கிறதுக்காக. அதுக்கு முதல், வந்த புதிசில அவரும் கூட வந்த யோவானும் வயிற்றோட்டத்தில விழுந்து கிடந்தவை. அப்ப ஒரு மனிசி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து குடுத்துக் காப்பாத்தினவ எண்டு அவரின்ர வரலாற்றில சொல்லுவினம். ஆரல்காற்று, உங்கட அம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கோ. சோறு குடுத்தது ஒரு பொம்பிளை. பேர் தெரியாது. ஆரோ எவரோ எண்டு தெரியாத ரெண்டு நோயாளிப் பிச்சைக்காரருக்குக் குடுத்தவ.

பிறகு எங்கட ஊர் சில்லாலையில வைச்சுத்தான் அவரை ஒளிச்சு வைச்சிருந்தவை. இரவில பூசை. 1689 நத்தார் (கிறிஸ்மஸ்) இரவு யாழ்ப்பாணத்தில பூசைக்குக் கூடியிருந்த சனத்தைப் படை வந்து பிடிச்சுக்கொண்டு போனது. அவர் தப்பிவிட்டார், பிடிபட்டவை அடி வாங்கினவை. பிறகு புத்தளம் போய், 1692இல கண்டிக்குப் போக, அங்க பறங்கியின்ர உளவாளி எண்டு சிறை. ஆனால் பௌத்தனான அதே கண்டி அரசன்தான் பிறகு அவரை விட்டு வைச்சவன். 1697இல கண்டியில அம்மை பரவி, சனம் சொந்தக்காரரையே காட்டில விட்டுட்டு ஓடேக்க, இவர் நிண்டு எல்லாரையும் பராமரிச்சவர்.

2015 ஜனவரி 14 அன்று காலிமுகத் திடலில அவருக்குப் புனிதர் பட்டம் குடுத்த அண்டு பின்னேரமே பாப்பரசர் மடு மாதா கோயிலுக்கு வந்தவர். நான் மடுவில நிண்டனான். வெயில். எனக்குப் பக்கத்தில நிண்ட மனிசி வாஸ் அடிகளாரின்ர படத்தைப் பிடிக்கேல்லை. காணாமல் போன மகன்ர படத்தைத்தான் நெஞ்சோட வைச்சுக்கொண்டு நிண்டவ. ஒண்டும் கதைக்கேல்லை. நான் என்ர தண்ணிப் போத்தலை நீட்டினன், வாங்கிக் குடிச்சவ. இதை ஏன் எழுதுறன் எண்டு எனக்குத் தெரியாது, எழுத வேணும் போல இருந்தது.

நோன்புக்கஞ்சி:

நானூறு வருசத்துக் கதைகளுக்கு நடுவில் 2019இல் நடந்ததைச் சொல்லலாமா? நான் இலங்கை முஸ்லிம், ஆசிரியை. அப்போது கம்பஹா மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் வாடகை வீட்டில் இருந்தோம். எங்கட தெருவில் முஸ்லிம் வீடு நாங்கள் மட்டும்தான்.

ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வெளியில் தலைகாட்டவே கூச்சமாக இருந்தது. எங்கட மார்க்கத்தின் பெயரைச் சொல்லித்தானே அதைச் செய்தார்கள்! அந்த வெட்கமும் துக்கமும் ஒரு பக்கம், பயம் மறுபக்கம். நீர்கொழும்பில் அகதிகளாக இருந்த பாகிஸ்தான்காரர்களை வாடகை வீடுகளிலிருந்து எழுப்பிவிட்டார்கள். சொந்த நாட்டில் மத வெறிக்குத் தப்பி வந்த சனம் அவர்கள், அதில் அஹ்மதியாக்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் போய்ப் படுத்தார்கள்.

மே 13, நோன்பு தொடங்கி ஒரு வாரம். அன்று பின்னேரம் மினுவாங்கொடையில் கடைகளை எரிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஊரடங்கு போட்டார்கள், ஆனால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நானும் உம்மாவும் இரண்டு பிள்ளைகளும் லைட்டை அணைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே. நோன்பு திறக்க ஈச்சம்பழம் ஒன்று, தண்ணீர், அவ்வளவுதான்.

எதிர் வீட்டில் ஒரு சிங்கள அம்மா. கத்தோலிக்கர். நாங்கள் 'நங்கி', 'அக்கே' என்று பழகியவர்கள். ஆனால் குண்டு வெடித்த நாளிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டிய கோவிலில் அவருடைய தங்கையின் மகன் போய்விட்டான். மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. மரண வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் குற்ற உணர்வு வேறு.

அன்று இரவு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். எங்கட கேட்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சேலை, கையில் செபமாலை. கொஞ்ச நேரத்தில் நாலைந்து பொடியன்கள் வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று முழுசாகக் கேட்கவில்லை. ஒருவன் சத்தம் போட்டான். அவர் எழும்பவே இல்லை. "மகே புத்தா தமய் மளே" என்றார், அது மட்டும் காதில் விழுந்தது. செத்தது என் மகன்தான் என்று அர்த்தம். தங்கை மகன் என்று சொல்லவில்லை. பொடியன்கள் போய்விட்டார்கள்.

விடிய சஹர் நேரம் வரைக்கும் அவர் அங்கேயே இருந்தார். நான் கதவைத் திறந்து வெளியே வந்து அழுதேன். அவர் என்னை அணைக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. "பிள்ளைகள் சாப்பிட்டதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் என்னை மன்னித்துவிட்டு வந்தாரா, கோபத்தோடேயே வந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோபத்தோடேயே வந்திருந்தால் அது இன்னும் பெரிசு என்று நினைக்கிறேன்.

ஆரல்காற்று:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கஞ்சி கொடுத்த பெண்ணின் கதைக்கு "அதான் பாத்தியா" என்றார். கூரையில் செருகிய இலையைப் பற்றி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கடைசிக் கதை முடிந்ததும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொம்பள இப்ப எப்படி இருக்கா, கேட்டு எழுது மக்களே" என்றார்.

நோன்புக்கஞ்சி:

உங்க அம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். நாங்கள் வேறு ஊருக்கு மாறிவிட்டோம், ஆனால் போக்குவரத்து இருக்கிறது. அவருக்குக் கால் வீக்கம், முன்போல நடக்க முடியாது. போன பெருநாளைக்கு வட்டிலாப்பம் கொண்டு போனேன். கருப்பட்டி கூடிவிட்டது என்று ஏசிவிட்டு, இரண்டாம் துண்டும் வெட்டித் தரச் சொன்னார்.