தசை செல் வெசிக்கிள்: கண்ட்ரோலிலும் அதே விளைவு வருகிறது, அவசரம்

தூங்காத_பெட்ரி
சி2சி12 எலித் தசை செல்களை மயோட்யூப்களாக (தசை நார்களாக) வளர்த்த மீடியாவிலிருந்து எக்ஸோசோம், அதாவது செல்கள் வெளியே விடும் நுண்ணிய வெசிக்கிள்களை (சவ்வுப் பைகளை) பிரித்து, 3டி3-எல்1 கொழுப்பு செல்கள் மீது விட்டேன். கொழுப்பு உடையும்போது வெளிவரும் கிளிசரால் 24 மணி நேரத்தில் நன்றாக ஏறுகிறது. சந்தோஷப்படுவதற்குள், செல்லே இல்லாத வெறும் மீடியாவை அதே மாதிரி சுழற்றி விட்டாலும் ஏறுகிறது. மூன்று முறை செய்துவிட்டேன். வியாழக்கிழமை கைடு முன்னால் காட்ட வேண்டும். என்ன தப்பு?

குளிர்அறை
என்ன சீரம்? எத்தனை சதவீதம்? எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் சுழற்றினீர்கள்? பெல்லட்டை (அடியில் படிந்ததை) ஒரு முறையாவது கழுவினீர்களா? இதெல்லாம் சொல்லாமல் என்ன தப்பு என்று கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மைக்கோ_மாமா
மைக்கோபிளாஸ்மா, செல் வளர்ப்பில் புகுந்துவிடும் அந்த பாக்டீரியாதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதலில் டெஸ்ட் பண்ணுங்கள்.

குளிர்அறை
மாமா, அவர் சொல்வது செல்லே இல்லாத மீடியா. அங்கே மைக்கோபிளாஸ்மா எங்கிருந்து வரும்?

மைக்கோ_மாமா
கொழுப்பு செல் தட்டில் இருக்கலாமே. எதற்கும் டெஸ்ட் பண்ணுவதில் நஷ்டமில்லை.

பழைய_பைப்பெட்
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. எக்ஸோசோம் என்ற சொல்லை விடுங்கள் முதலில். செல்லுக்குள்ளே எண்டோசோம் பைகளில் உருவாகி வெளியே வந்தது என்று நிரூபித்தால்தான் அந்தப் பெயர். அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் (அதிவேகச் சுழற்சிக் கருவியில்) அடியில் உட்கார்ந்தவை எல்லாம் எக்ஸோசோம் ஆகிவிடாது. வெசிக்கிள் ஆய்வுக்கு 2018-லேயே வழிகாட்டி வந்தது, 2023 பதிப்பாகப் புதுப்பித்தும் விட்டார்கள். படித்துவிட்டு வாருங்கள்.

தூங்காத_பெட்ரி
மன்னிக்கவும். 2% குதிரை சீரம். 1,00,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு), 70 நிமிடம். பிபிஎஸ்ஸில் (உப்பு பஃபர் கரைசல்) ஒரு முறை கழுவினேன்.

குளிர்அறை
அப்படியானால் பாதி விடை கிடைத்துவிட்டது. குதிரை சீரத்திலேயே குதிரையின் வெசிக்கிள்கள் நிறைய இருக்கும். நீங்கள் சுழற்றியபோது அவையும் அடியில் சேர்ந்துவிட்டன. சீரத்தை நீர்க்கச் செய்து இரவு முழுக்க 1,00,000 ஜி-யில் சுழற்றி, மேலே உள்ளதை மட்டும் எடுங்கள். அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கடைசி 24 மணி நேரம் சீரமே இல்லாமல் வைப்பது இன்னொரு வழி. ஆனால் மயோட்யூப்கள் செத்துப்போனால் செல் குப்பையும் வெசிக்கிள் மாதிரியே எண்ணிக்கையில் வரும். உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். செல்லுக்குள்ளேயே இருக்கும் கால்நெக்சின் புரதத்துக்கு ஒரு வெஸ்டர்ன் (புரதம் கண்டறியும் சோதனை) ஓட்டுங்கள், செல் உள்குப்பை எவ்வளவு கலந்தது என்று தெரியும்.

சொல்தேடி
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். இதற்குத் தமிழில் என்ன சொல்கிறோம்? நுண்பை என்றால் எல்லோருக்கும் புரியும்தானே?

பழைய_பைப்பெட்
கொப்புளம் என்பதுதான் சரி. வெசிக்கிளா என்றால் லத்தீனில் சிறு பை, நீர்ப்பை.

சொல்தேடி
நீங்களே பை என்கிறீர்கள்! கொப்புளம் என்றால் அம்மைதான் ஞாபகம் வரும். தசைக்குக் கொப்புளம் போட்டிருக்கிறது என்று எழுதினால் ஆள் டாக்டரிடம் ஓடிவிடுவார்.

பழைய_பைப்பெட்
அறிவியல் சொல்லுக்குத் துல்லியம் வேண்டும், வசதி அல்ல.

மைக்கோ_மாமா
நுண்பைக்கு என் ஓட்டு. மைக்கோ டெஸ்ட் என்ன ஆயிற்று?

ஏழாம்நாள்
சண்டை முடிந்ததா? எனக்குச் சந்தேகம் கொழுப்பு செல் பக்கம். 3டி3-எல்1-ஐ முதிர வைத்தபோது இன்சுலின் போட்டிருப்பீர்கள். வெசிக்கிள் விடும்போது மாற்றிய மீடியாவில் இன்சுலின் இருந்ததா? இன்சுலின் கொழுப்பு உடைவதைப் பிடித்து நிறுத்தும். அதை எடுத்துவிட்டால் நீங்கள் எதை விட்டாலும் கிளிசரால் ஏறும். வெறும் பிபிஎஸ் மட்டும் விட்ட வெல் (தட்டின் குழி) இருக்கிறதா? எதோடு ஒப்பிட்டு ஏறியது என்கிறீர்கள்?

இன்னொன்று. தசையிலிருந்து கொழுப்புக்குச் செய்தி போவது உண்மைதான். 2021-இல் கென்டக்கி பல்கலைக்கழகக் குழு எலிகளில் காட்டியது: தசைக்குச் சுமை ஏற்றினால் அது மைஆர்-1 என்ற மைக்ரோ ஆர்என்ஏ-வை வெசிக்கிளில் ஏற்றி வெளியே விடுகிறது. அது கொழுப்பில் போய், பீட்டா-3 அட்ரினலின் ஏற்பியைக் குறைத்து வைக்கும் ஏபி2-ஆல்ஃபா என்ற புரதத்தை அடக்க, அந்த ஏற்பி கூடுகிறது. அதாவது அட்ரினலின் தட்டும்போது கொழுப்பு செல் முன்பைவிட வேகமாகக் கதவு திறக்கிறது. ஆகவே கிளிசராலை மட்டும் நம்பாதீர்கள். அட்ரினலின் போல வேலை செய்யும் ஐசோப்ரோடெரினால் கொடுத்தும் கொடுக்காமலும் அளந்து பாருங்கள். கொழுப்பு செல்லில் மைஆர்-1 கூடியதா என்றும் பாருங்கள், தசையின் சொந்த முத்திரை அது.

பழைய_பைப்பெட்
இன்சுலின் விஷயம் சரி. நானே சொல்ல வந்தேன்.

குளிர்அறை
வந்தீர்களா, வழியில் கொப்புளம் தடுத்துவிட்டதா?

மைக்கோ_மாமா
பிபிஎஸ் வெல் போடும்போது ஒரு வெல்லை மைக்கோவுக்கும் எடுத்து வையுங்கள்.

தூங்காத_பெட்ரி
பிபிஎஸ் வெல்லிலும் ஏறியது. பழைய மீடியாவிலேயே இருந்த வெல்களோடுதான் ஒப்பிட்டிருந்தேன், அதில் இன்சுலின் இருந்தது. சீரத்தை இன்று இரவு சுழற்றப் போடுகிறேன். வியாழன் தள்ளிப்போனது. நன்றி ஏழாம்நாள். மைக்கோ நெகட்டிவ், மாமா.