வாய்க்காலடியில் மண்வெட்டி தூக்கிய கை: கோபம் எங்கிருந்து வருகிறது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முரசுமோட்டைக் கமக்காரன்:

இதை எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன். காணிச் சண்டையோ வேலிச் சண்டையோ வந்து ஒருவன் வெட்டிவிட்டால் "மிருகமாகிப் போனான்" என்று சனம் சொல்லும். அந்தச் சொல் என்னைக் குத்தும். நானும் ஒரு நாள் அந்த இடத்தில் நின்றவன்.

தண்ணீர் குறைந்த ஒரு சிறுபோகம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு முறை வைத்துத்தான் வரும். என் இரண்டு ஏக்கரும் குடலைப் பருவம். அந்த நேரத்தில் தண்ணீர் பிந்தினால் கதிரெல்லாம் பதர்தான். பின்னேரம் ஆறு மணி என் முறை. போய்ப் பார்த்தால் வாய்க்காலில் கணுக்கால் நனையவும் தண்ணீர் இல்லை, மேலே பக்கத்து வயல்காரர் மடையை வெட்டித் தன் பக்கம் திருப்பிவிட்டு நிற்கிறார். நான் அண்ணை என்று கூப்பிடுகிற மனிதர் அவர். அகதி முகாமில் எட்டு மாதம் அடுத்தடுத்த கூடாரத்தில் இருந்தோம், அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது என் மனைவி. அதெல்லாம் அந்த நிமிடத்தில் நினைவில் இல்லை. காது அடைத்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது, அவருடைய கழுத்து மட்டும் தெரிந்தது. மண்வெட்டி தோளுக்கு மேலே எப்படிப் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரும் கத்தியை இறுக்கிப் பிடித்துவிட்டார்.

எங்கள் வாய்க்காலின் முறைக் கொப்பியை ஒரு ஐயா வைத்திருந்தார், எழுபது வயது தாண்டியவர். சாரத்தை மடித்துக் கட்டவும் இல்லை, அப்படியே வாய்க்காலுக்குள் இறங்கி எங்கள் நடுவில் நின்றார். யார் பிழை என்று கேட்கவில்லை. "தம்பி, அதை நிலத்தில வை. கொப்பி வீட்டில கிடக்கு, பிறகு பாப்பம். விடியிறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் தண்ணி வரும், போங்கோ." அவ்வளவுதான். கை இறங்கியது. பிறகு வந்த நடுக்கம் அரை மணி நேரம் நிற்கவில்லை.

அதைவிடப் பயந்தது இரவில்தான். பாயில் கிடந்தபடி, படபடப்பே இல்லாமல் கணக்குப் போட்டேன். அவருடைய கீழ் வரம்பில் இரண்டு இடம் வெட்டிவிட்டால் பாய்ச்சின தண்ணீர் முழுக்கக் கழிவு வாய்க்காலுக்குப் போய்விடும், நண்டு வளை என்றுதான் நினைப்பார்கள், ஒருவரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள். நெஞ்சு சாதாரணமாகத்தான் அடித்தது. இரண்டு மணிக்கு எழும்பி மண்வெட்டியோடு போனேன். வளைவில் அந்த ஐயா உரப்பையை விரித்துப் படுத்திருந்தார். ரோச் வெளிச்சம் பட்டதும் எழும்பி, "நித்திரை வரேல்லையோ? வா, இரு" என்றார். விடியும்வரை இருந்தேன். மழையைப் பற்றி, மாடுகளைப் பற்றி, அவருடைய தகப்பன் காடு வெட்டிக் கழனியாக்கின கதை எல்லாம் சொன்னார். மண்வெட்டி ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்கவேயில்லை. காலையில் இரண்டு வயலிலும் தண்ணீர் நின்றது.

பிறகுதான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். சிம்பன்சிகளை நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் ராங்கம் என்பவர் வன்முறையை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, சீண்டினவுடன் பொங்குவது. மற்றது, ஆறுதலாக இருந்து திட்டம் போட்டுச் செய்வது. முதலாவதில் மனிதன் சிம்பன்சியைவிட எவ்வளவோ சாது, முன்பின் தெரியாத ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் நெருக்கியடித்து வவுனியாவுக்குப் போய் இறங்குகிறோமே. ஆனால் இரண்டாவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் கருத்து. வாசித்தபோது உடம்பு கூசியது. ஆறு மணிக்கு நின்றவனும் இரண்டு மணிக்கு நடந்தவனும் நான்தான்.

இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. தன்சானியாவின் கொம்பே காட்டில் ஜேன் குடால் பார்த்துவந்த சிம்பன்சிக் கூட்டம் ஒன்று இரண்டாகப் பிரிந்தது. 1974இலிருந்து 1978வரை பெரிய பிரிவின் ஆண்கள் கூட்டாகப் போய், பிரிந்து போனவர்களைத் தனியாக அகப்படும் நேரம் பார்த்து அடித்தார்கள். கொல்லப்பட்டோ காணாமற்போயோ, மற்றப் பிரிவின் வளர்ந்த ஆண்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. முன்பு ஒன்றாக இருந்து பேன் பார்த்தவர்கள்தான் எல்லாரும். இந்தக் கோபம் கூர்ப்பில், அதாவது பரிணாமத்தில், நம்மோடு கூடவே வந்ததோ என்று யோசிக்கிறேன்.

உங்களுக்கு இப்படி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கள். அடித்த கதையோ, அடி வாங்கின கதையோ, அடிக்காமல் விட்ட கதையோ.

வவுனியாவிலிருந்து:

அண்ணை, சிம்பன்சி எல்லாம் சரி. நான் பார்த்த சண்டைகளில் பாதிக்குமேல் கசிப்புப் போத்தல் நடுவில் இருந்தது, மிச்சம் கடன். கிழமைக் கடன் கட்டுகிற நாளில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் சத்தம் கேட்கும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். கூர்ப்பில் வந்தது என்று சொல்லத் தொடங்கினால் "என்ன செய்ய, இரத்தத்தில் இருக்கு" என்று அடிக்கிறவன் தப்பிவிடுவான். அது எனக்குச் சம்மதமில்லை.

முன்பள்ளி ரீச்சர், ஒட்டுசுட்டான் பக்கம்:

மேலே எழுதினவரோடு நானும் சேருகிறேன், ஆனால் என் கதை போத்தலுக்கு முந்தினது.

நான்கு வயதுப் பெண் பிள்ளை ஒன்று, வகுப்பில் வாய் திறக்காது. ஒரு நாள் மூலையில் இருந்து பொம்மைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தது. திடீரென்று பொம்மையின் தலைமயிரைப் பிடித்து நிலத்தில் அடித்து, "உனக்குக் கறி வைக்கத் தெரியாதோ" என்றது, குரலைத் தடிப்பாக்கி, ஒரு ஆம்பிளையின் குரலில். அடித்து முடிந்ததும் பொம்மையின் சட்டையை நீவிவிட்டு மறுபடி சோறு தீத்தியது. முகத்தில் கோபமே இல்லை. பார்த்த எனக்குத்தான் கால் உதறியது. அந்தப் பிள்ளை கோபப்படவில்லை, வீட்டில் சோறு தின்கிற ஒழுங்கு இதுதான் என்று படித்து வைத்திருக்கிறது.

பயிற்சியில் எங்களுக்கு உளவியலாளர் அல்பேர்ட் பண்டுராவின் ஆய்வைப் படிப்பித்தார்கள். 1961இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் 72 பிள்ளைகளை வைத்துச் செய்தது. பெரிய ஆள் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்துத் திட்டுவதைச் சில பிள்ளைகள் பார்த்தார்கள், சிலர் அவர் அமைதியாக விளையாடுவதைப் பார்த்தார்கள், சிலருக்கு ஒன்றும் காட்டவில்லை. அடியைப் பார்த்த பிள்ளைகள் அதே அடியை, அதே சொல்லைச் சொல்லி அடித்தார்கள். 1965இல் வந்த அடுத்த ஆய்வுதான் எனக்குப் பெரிது. அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த பிள்ளைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. ஆனால் "அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் அவர்களும் அப்படியே செய்து காட்டினார்கள். தண்டனையைப் பார்த்து அடி ஒளிந்துகொண்டது, உள்ளே இருந்து போகவில்லை. பிரம்பை எடுத்தால் சரிவரும் என்று என்னிடம் வரும் தகப்பன்மாருக்கு நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்புறம், சிம்பன்சியைச் சொன்னவர் பொனோபோவை விட்டுவிட்டார். கொங்கோ ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் வாலில்லாக் குரங்கு, சிம்பன்சி அளவுக்கே நமக்கு நெருங்கிய சொந்தம். அங்கே பெண்கள் ஒன்று சேர்ந்து நிற்பார்கள், எகிறுகிற ஆணை அவர்களே விரட்டுவார்கள், கூட்டமாகப் போய் அயல் கூட்டத்தைக் கொல்வது அவற்றில் பதிவாகவில்லை. இரத்தத்தில் இருக்கு என்கிறவர்களிடம், எந்தச் சொந்தக்காரரின் இரத்தம் என்று கேளுங்கோ. அந்தப் பிள்ளையின் தாய்க்கு இப்போது பக்கத்து நான்கு வீட்டுப் பெண்கள் துணை, சத்தம் கேட்டால் நால்வரும் முற்றத்தில் வந்து நிற்கிறார்கள். எதுவும் பேசுவதில்லை, நிற்கிறார்கள்.

நெடுங்கேணிப் பக்கம், காவல் கொட்டில்:

எங்களுக்கு யானைதான் பாடம். போன காலபோகம் ஒரு இளம் அலியன் யானை கொட்டிலடிக்கு வந்தது. யானைவெடி போட்டோம். காட்டுக்குள் ஓடாமல் எங்களை நோக்கித் திரும்பியது. பரணில் நாங்கள் மூன்று பேர், கீழே அது தூணைத் துதிக்கையால் தடவித் தடவிப் பார்த்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெரிய யானை வந்தால் நெல்லைத் தின்னும், போய்விடும். தனியாகத் திரியும் இளசுக்குத்தான் நாங்கள் கூடுதலாகப் பயம்.

அதனால் தென்னாபிரிக்காவின் பிலனெஸ்பேர்க் பூங்காக் கதையை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு இருந்தேன். குரூகர் பூங்காவில் பெரிய யானைகளைச் சுட்டு, தாய் தகப்பன் இல்லாத குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அவை வளர்ந்து, வழக்கத்துக்கு வெகு முன்னமே மதம் பிடித்து, 1992க்கும் 1997க்கும் இடையில் நாற்பதுக்கு மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் வயது முதிர்ந்த ஆறு ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரியவை முன்னால் நின்றதும் இளசுகளின் மதம் அடங்கியது, கொலையும் நின்றது. பெரியவர்கள் வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

என் அக்காவின் மகன் வாள் தூக்கித் திரிகிற பெடியளோடு சேர்ந்து ஒருமுறை பொலிஸ் கூண்டுக்குள் போனவன். தகப்பன் 2009க்குப் பிறகு வீடு வரவில்லை. மாமன் நான் கூலி வேலைக்கென்று ஊர் ஊராய்த் திரிந்தேன். மோட்டார் சைக்கிள் வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பினது. அவனோடு ஒரு கொட்டிலில் ஒரு இரவு படுத்த ஆம்பிளை யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இந்தப் போகம் அவனைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கனக்கக் கதைக்க மாட்டான். தேத்தண்ணி நல்லாப் போடுவான்.

முரசுமோட்டைக் கமக்காரன்:

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். வவுனியாத் தம்பி சொன்ன கசிப்பும் கடனும் உண்மை. குடி முதலில் மழுங்கடிப்பது மூளையின் முன்பக்கத்தை, "பொறு" என்று சொல்லும் பகுதியை. இளம் பெடியளுக்கு அந்தப் பகுதி இருபத்தைந்து வயதளவில்தான் முற்றுகிறது. கூர்ப்பு என்று நான் சொன்னது சாட்டுக்கு இல்லை. 2016இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலூட்டி இனங்களை ஒப்பிட்டு, மனித இனம் தோன்றிய காலத்தில் நூறு சாவில் இரண்டளவு நம்மவர் கையால் நடந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்த அளவு சமூகம் மாற மாற ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அதே வருடம் கென்யாவின் நட்டாருக் என்ற இடத்திலிருந்து இன்னொரு செய்தி. பத்தாயிரம் வருடத்துக்கு முந்திய 27 பேரின் எலும்புகள், பலரின் மண்டை உடைந்திருக்கிறது, ஒரு பெண் நிறைமாதம். செத்து விழுந்த இடம் ஒரு தண்ணீர்க் கரை. அந்த வரியை வாசித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரீச்சரின் முற்றமும் நெடுங்கேணிக்காரரின் கொட்டிலும் எனக்கு அந்த ஐயாவைத்தான் ஞாபகப்படுத்தின. போன வருடம் தவறிவிட்டார். எட்டாம் நாள் சடங்குக்கு நானும் அண்ணையும் ஒன்றாகத்தான் கிடாரம் தூக்கினோம். முறைக் கொப்பியை இனி யார் பார்ப்பது என்று கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் கேட்டபோது என்னிடம் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த வருடத்து, அந்த நாளின் பக்கத்தைத் தேடினேன். பென்சிலால் என் பெயரும் அண்ணையின் பெயரும், பக்கத்தில் இரண்டு இரண்டு மணித்தியாலம். அதற்கு மேலே இரவு பத்திலிருந்து இரண்டுவரை ஐயாவின் சொந்த முறை. அதைக் குறுக்கே வெட்டியிருந்தார்.