பசுமைக்குடிலும் கருவி அறையும் ஒரே கூரையில்: நடுச்சுவருக்கு யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. தோட்டத்தில் 8 அடிக்கு 12 அடியில் ஒரே கட்டுமானமாக, பாதி நாற்று வளர்க்கும் பசுமைக்குடில், மீதி மண்வெட்டி, உரம், தொட்டியெல்லாம் வைக்க அறை என்று கட்டப் போகிறேன். வெயில் அதிகம் விழும் பக்கம் குடிலுக்கு. அங்கே இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட் (நடுவில் காற்று இடைவெளி உள்ள, வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் பலகை), புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுள்ள பக்கம் வெளியே இருக்கும்படி போடுவதாக முடிவு.

என்னைக் குழப்புவது நடுச்சுவர்தான். குடிலின் ஈரம் அறைக்குள் வந்தால் கருவிகள் துருப்பிடிக்கும், உரமும் கட்டிதட்டிவிடும், அதனால் சுவர் இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும், ஆனால் நடுவில் ஒரு கதவும் எனக்குக் கட்டாயம் வேண்டும். மரப்பலகை நல்லதா, சிமென்ட் பலகையா? அப்புறம், கூரை ஜன்னல் தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பார்களே, கீழேயும் காற்று நுழைய வழி வைத்தால் குறைக்கலாமா? கட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அடித்தளம் போடும் முன் தெரிந்தால் பெரிய உதவி.