ஃபுளோரிடாவில் நீதிமன்ற அபராதம் கட்டாததால் நிறுத்தப்பட்ட ஓட்டுநர் உரிமத்தை மீட்பது எப்படி?

அல்லி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி எச்-1பி விசாவில் ஃபுளோரிடாவில் பணிபுரிகிறான். சென்ற ஆண்டு வேக வரம்பை மீறியதற்காக ஒரு கவுண்டியிலும் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி), சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காக வேறொரு கவுண்டியிலும் அவனுக்கு டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதினார்கள். அந்தச் சமயத்தில் அவன் வேலையும் வீடும் மாறியதால், பிறகு வந்த கடிதங்கள் பழைய முகவரிக்கே போயிருக்கின்றன. இப்போது உரிமத்தைப் புதுப்பிக்கச் சென்ற இடத்தில், "டி-6 என்ற காரணத்தால் உங்கள் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வழக்கின் தொகை வசூல் நிறுவனத்துக்கும் போய்விட்டதாகத் தெரிகிறது.

மனைவியின் பிரசவச் செலவு முன்னால் நிற்பதால், மொத்தத் தொகையையும் ஒரே நேரத்தில் கட்ட அவனால் இயலாது. கார் இல்லாமல் அலுவலகத்துக்குச் செல்லவும் வழியில்லை. முதலில் யாரிடம் பணம் கட்ட வேண்டும்? முழுத் தொகையும் கட்டி முடிக்காமல் உரிமத்தைத் திரும்பப் பெற முடியுமா? வேலைக்குச் செல்வதற்கு மட்டும் ஓட்டலாம் என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொன்னாராம், அது உண்மையா? விசாவுக்கு இதனால் ஏதேனும் பாதிப்பு வருமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

கலங்கரை எழுதுகிறார்:

வணக்கம் சகோதரி. டி-6 என்பது, டிக்கெட்டுக்குப் பணம் கட்டவில்லை, அல்லது நீதிமன்றத்தில் ஆஜராகவில்லை, அல்லது நீதிமன்றம் இட்ட நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்பதற்காக உரிமத்தின் மேல் விழும் தடை. அதை விதிப்பது மாநில மோட்டார் வாகனத் துறைதான் என்றாலும், துறையிடம் அதைச் சொல்வது டிக்கெட் எழுதப்பட்ட கவுண்டியின் நீதிமன்ற கிளார்க் அலுவலகம். ஆகவே தடை நீங்க வேண்டுமென்றாலும் கிளார்க் அலுவலகத்திலிருந்துதான் தகவல் போக வேண்டும். துறையின் கவுன்டரில் எவ்வளவு நேரம் மன்றாடினாலும் அவர்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

உங்கள் தம்பி முதலில் மாநிலத் துறையின் இணையதளத்தில் உரிம எண்ணை இட்டு, உரிமத்தின் மேல் என்னென்ன தடைகள் உள்ளன என்று பார்க்கட்டும். அதற்குக் கட்டணம் இல்லை. டி-6 மட்டும்தான் இருக்கிறதா, காப்பீடு இடையில் விட்டுப்போனதற்கான தடையும் சேர்ந்திருக்கிறதா என்பதை இப்போதே அறிவது நல்லது, ஏனென்றால் காப்பீட்டுத் தடைக்கான கட்டணம் தனி, அது முதல் முறைக்கே 150 டாலர். இரண்டு கவுண்டிகள் என்பதால் இரண்டு கிளார்க் அலுவலகங்களிலும் தனித்தனியாகப் பேச வேண்டும். ஒன்றில் தீர்த்ததால் மற்றொன்று தானாகத் தீராது.

நம் ஊர்ப் பெயர்களால் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் முதலிலும் இன்னோர் ஆவணத்தில் கடைசியிலும் இருப்பது நம்மிடையே வழக்கம். காவலர் டிக்கெட்டில் எழுதிய பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் வரிசை மாறியிருந்தால், கிளார்க் அலுவலகத்தில் பெயரைக் கொண்டு தேடும்போது வழக்கே இல்லை என்று வந்துவிடும். அதை நம்பி நிம்மதியாகத் திரும்பிவிடக் கூடாது. டிக்கெட் எண்ணாலோ உரிம எண்ணாலோ தேடித் தருமாறு கேளுங்கள்.

பணம் கட்டியதும், அல்லது தவணைத் திட்டத்தில் கையெழுத்திட்டதும், கிளார்க் அலுவலகம் துறைக்கு மின்னணு முறையில் தெரிவிக்கும். இருந்தாலும் டி-6 நீக்கச் சான்றைத் தாளிலும் கேட்டு வாங்கி, அதில் வழக்கு எண்ணும் உரிம எண்ணும் பிழையின்றி இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு உரிமத்தை மீட்பதற்கான 60 டாலர் கட்டணத்தைத் துறை அலுவலகத்திலோ, உரிமப் பணிகளைச் செய்யும் கவுண்டி வரி வசூல் அலுவலகத்திலோ கட்ட வேண்டும். சில கவுண்டிகளில் கிளார்க் அலுவலகமே இதையும் வாங்கிக்கொள்கிறது. இரண்டு தடைகள் இருப்பதால், கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனியா என்று கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெய்தல் எழுதுகிறார்:

மேலே சொன்னது சரி. ஆனால் வசூல் நிறுவனத்துக்குப் போன வழக்கில் 40 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஃபுளோரிடாவில் பல கவுண்டிகளின் கிளார்க் அலுவலகங்கள் "ஆபரேஷன் கிரீன் லைட்" என்ற பெயரில், குறிப்பிட்ட நாள்களில் பழைய பாக்கியைக் கட்டுவோருக்கு அந்தக் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. அதற்காகக் காத்திருந்து, கிரெடிட் கார்டில் மொத்தமாகக் கட்டிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

வழித்துணை எழுதுகிறார்:

நெய்தல் அவர்களின் கருத்தோடு நான் உடன்படவில்லை. அந்த நாள் அருகில் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம். தொலைவில் இருந்தால், வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் அதுவரை கார் இல்லாமல் இருப்பதும், அதிக வட்டியுள்ள கார்டில் கடனை ஏற்றிக்கொள்வதும் மிச்சப்படும் தொகையைவிடப் பெரிய சுமையாகிவிடும்.

சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு விடை, முடியும் என்பதே. தவணைத் திட்டத்தில் சேர்ந்தாலே தடையை நீக்க ஃபுளோரிடா சட்டம் இடம் தருகிறது. கடைசித் தவணை வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாதத் தவணை எவ்வளவு என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஆண்டு நிகர வருமானத்தில் 2 விழுக்காட்டைப் பன்னிரண்டால் வகுத்து வரும் தொகை, அல்லது 25 டாலர், இவற்றில் எது அதிகமோ அதற்குள் இருந்தால் அந்தத் தவணை கட்டக்கூடியதே என்று சட்டம் கருதுகிறது. நிகர வருமானம் 48,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 80 டாலர் வரும். திட்டத்தை நடத்துவதற்கு மாதம் 5 டாலரோ, ஒரே முறையாக 25 டாலரோ கிளார்க் அலுவலகம் வாங்கலாம். தவணை தவறினால் மறுபடியும் உரிமம் நிறுத்தப்படும் என்பதால், சம்பளம் வரும் தேதிக்கு மறுநாளைத் தவணை நாளாகக் கேட்டுப் பெறுங்கள்.

வசூல் நிறுவனத்திடம் உள்ள வழக்கில், "அங்கேயே பேசிக்கொள்ளுங்கள்" என்று கிளார்க் அலுவலகம் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், நிறுவனத்திடம் தவணை தொடங்கினால் டி-6 நீக்கப்படுமா, அல்லது முழுத் தொகையும் சேர்ந்த பிறகுதானா என்பதை எழுத்தில் பெற்ற பிறகே பணம் அனுப்ப வேண்டும். உண்மையிலேயே கட்ட வழியில்லை என்று ஆவணங்களுடன் காட்ட முடிந்தால், இத்தகைய போக்குவரத்து அபராதத்தைச் சமூகப் பணி செய்து கழிக்க அனுமதிக்குமாறு நீதிமன்றத்தில் மனு கொடுக்கவும் சட்டத்தில் வழி உள்ளது.

பணம் கட்டவில்லை என்பதற்காக உரிமத்தை நிறுத்தும் வழக்கத்தைக் கலிஃபோர்னியா 2017-இலும் வர்ஜீனியா 2020-இலும் கைவிட்டன. வாகனம் ஓட்டுவதில் ஆபத்தானவர் என்று எவரும் சொல்லாத ஒருவரை, கடன் பாக்கிக்காகச் சாலையை விட்டு விலக்கினால் அவர் வேலைக்கே போக முடியாது, பிறகு அபராதத்தை எதைக் கொண்டு கட்டுவார்? ஃபுளோரிடாவும் இதை மாற்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தாழை எழுதுகிறார்:

விசாவைப் பற்றியும் இடைக்காலத்தில் ஓட்டுவதைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். வேலைக்குச் செல்ல மட்டும் ஓட்டலாம் என்ற சலுகை தானாக எவருக்கும் வருவதில்லை. உரிமம் நிறுத்தப்பட்டது தெரியாமல் ஓட்டினால் அது ஃபுளோரிடாவில் போக்குவரத்து விதிமீறல் மட்டுமே. தெரிந்த பிறகு ஓட்டினால் அது குற்றவியல் வழக்கு. முதல் முறையே 60 நாள் வரை சிறையும் 500 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். கவுன்டரில் சொல்லி அனுப்பிய அந்த நிமிடத்திலிருந்து உங்கள் தம்பிக்குத் தெரியும் என்றே கொள்ளப்படும்.

சாதாரண டிக்கெட்டும் அபராதமும் விசாவைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கைதும் குற்றத் தீர்ப்பும் அப்படியல்ல. விசா விண்ணப்பத்திலும் பச்சை அட்டை விண்ணப்பத்திலும் அவற்றைப் பற்றி நேராகவே கேட்கிறார்கள். அபராதத்தைத் தீர்த்ததும் இரண்டு வழக்குகளுக்கும் சான்றளிக்கப்பட்ட முடிவு நகலை வாங்கிப் பத்திரப்படுத்தட்டும். ஏற்கெனவே தெரிந்தே ஓட்டிப் பிடிபட்டிருந்தால், எதையும் ஒப்புக்கொண்டு பணம் கட்டும் முன் குடிவரவுச் சட்டமும் அறிந்த வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம்.

வீடு மாறினால் 10 நாள்களுக்குள் ஏஆர்-11 படிவம் கொடுக்க வேண்டும் என்பதை நம்மவர்கள் தவறாமல் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது குடிவரவுத் துறைக்கு மட்டுமே போகும். உரிமத்தில் உள்ள முகவரியைத் தனியாக மாற்ற வேண்டும். துறை தன் பதிவிலுள்ள முகவரிக்குக் கடிதம் அனுப்பிவிட்டால், அது கைக்கு வராவிட்டாலும் அறிவித்ததாகவே ஆகும்.

அல்லி எழுதுகிறார்:

அனைவருக்கும் மிக்க நன்றி. தம்பியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஒரு கவுண்டியில் டிக்கெட் எண்ணால் தேடிய பிறகுதான் வழக்கே கிடைத்தது; தவணைத் திட்டத்தில் சேர்த்துச் சான்றும் கொடுத்துவிட்டார்கள். மற்றதில் வசூல் நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறான். இந்த ஒரு சான்றை வைத்து மீட்புக் கட்டணத்தைக் கட்டினால், அவன் ஓட்டத் தொடங்கலாமா?

கலங்கரை எழுதுகிறார்:

கூடாது, சகோதரி. ஒரு தடை எஞ்சியிருந்தாலும் உரிமம் நிறுத்தப்பட்டதாகவே பதிவில் இருக்கும். இரண்டாவது சான்றும் கைக்கு வந்து, கட்டணமும் கட்டிய பிறகு, அதே இணையப் பக்கத்தில் உரிம எண்ணை இட்டுப் பாருங்கள். உரிமம் செல்லும் என்று அங்கே வந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காரில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். நிறுவனத்தின் பதில் இந்த வாரமும் வரவில்லையென்றால், தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்காமல் அந்தக் கவுண்டியின் கிளார்க் அலுவலகத்துக்கு நேரிலேயே போகச் சொல்லுங்கள். போவதற்கு வேறொருவர் காரை ஓட்டட்டும்.