6 அடி அகல சமையலறை: இரண்டு பக்கமும் மேடை போட்டால் நடக்க இடம் இருக்குமா?

வேளச்சேரி_வாசி (கேள்வி):

சென்னையில் புது ஃபிளாட், மர வேலை இன்னும் தொடங்கவில்லை. பில்டர் பிளானில் சமையலறை 6 அடி × 10 அடி 6 இன்ச். தெற்கு முனையில் டைனிங்கில் இருந்து வரும் கதவு, வடக்கு முனையில் யுட்டிலிட்டிக் கதவு. துணி துவைக்கப் போனாலும் இதற்குள் நுழைந்துதான் போக வேண்டும். சிங்க் டிரெய்ன் கிழக்குச் சுவரில், யுட்டிலிட்டி முனையில் கொடுத்திருக்கிறார்கள். சுவர் ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்), டைல் இன்னும் ஒட்டவில்லை.

3 பர்னர் ஹாப் (மேடைக் கல்லில் பதிக்கும் அடுப்பு), சிம்னி, 265 லிட்டர் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ், டேபிள் டாப் கிரைண்டர், மிக்ஸி, மைக்ரோவேவ் எல்லாம் உள்ளே வர வேண்டும். காலையில் இரண்டு பேர் வேலை செய்வார்கள். கிழக்கு பார்த்துச் சமைக்க வேண்டும் என்பது வீட்டு நிபந்தனை. கார்பென்டர் இரண்டு பக்கமும் 24 இன்ச் மேடை என்று வரைந்து தந்திருக்கிறார். சிலிண்டரை யுட்டிலிட்டியில் வைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

இன்ச்டேப்:

முதலில் அந்த 6 அடியை மறந்துவிடுங்கள். பிளானில் இருப்பது பிளாக் முகத்துக்கு பிளாக் முகம். பூச்சு ஒரு பக்கம் அரை இன்ச், டைலும் அதன் பசையும் இன்னொரு அரை இன்ச். இரண்டு சுவருக்கும் சேர்த்தால் 2 இன்ச் போய்விடும், கையில் நிற்பது 70. டைல் ஒட்டிய பிறகு தெற்கு, நடு, வடக்கு என மூன்று இடத்தில் அளந்து, அதில் சின்ன அளவை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் ஒரு முனையில் அரை இன்ச் உள்ளே வாங்கியிருப்பது சாதாரணம்.

இனி கணக்கு. இரண்டு பக்கமும் 24 போட்டால் 70 − 48 = 22 இன்ச் நடை. ஒருவர் சிங்க் முன்னால் நின்றாலே பின்னால் வாளியோடு போக முடியாது. டிராயரை இழுத்தால் கால் வைக்கக்கூட இடம் இருக்காது. ஒருவர் நின்று வேலை செய்ய 36 இன்ச் நடை வேண்டும், 34 வரை சமாளிக்கலாம். கிழக்குப் பக்கம் 24, மேற்குப் பக்கம் 12 என்று வைத்தால் உங்களுக்கு 34 கிடைக்கும். இருபுறமும் கீழே 4 இன்ச் உயரம், 3 இன்ச் உள்வாங்கிய கால் பள்ளம் விட்டால் தரையளவில் 40 ஆகும். கேபினெட்டோடு ஒட்டி நிற்க முடிவது அதனால்தான். அதை மூடி ஸ்கர்ட்டிங் அடித்துவிடுவார்கள், விடாதீர்கள்.

12 இன்ச்சில் என்ன வைப்பது என்று தோன்றும். சாப்பாட்டுத் தட்டு, 5 லிட்டர் குக்கர், மளிகை டப்பா எல்லாமே 12-க்குள் அடங்கும். 24 இன்ச் ஷெல்ஃபில் பின்வரிசையில் போன டப்பாவை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. ஆனால் மேற்குப் பக்கம் வழக்கம்போல் கீழே மேடை, மேலே 12 இன்ச் கேபினெட் என்று போட்டால் இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிடும். மேடையில் எதை வைத்தாலும் நெற்றி மேல் கேபினெட்டில் இடிக்கும். அதற்குப் பதில் அந்தச் சுவரைத் தரையில் இருந்து 7 அடி வரை ஒரே அலமாரியாக்கி, நடுவில் மட்டும் 4 அடி நீளத்துக்குத் திறந்த மேடை விடுங்கள். அங்கே மிக்ஸி நிற்கும். அதன் மேல் 6 இன்ச் ஆழ மசாலா ஷெல்ஃப் போதும்.

கிழக்கு மேடையின் நீளத்திலும் பூச்சு, டைலுக்கு 2 இன்ச் போகும்; மிச்சம் 124 இன்ச்சை டைனிங் பக்கம் தொடங்கி இப்படிப் பிரியுங்கள்: இறக்கி வைக்க 20, ஹாப்புக்கு 30, நறுக்க 40, சிங்க்குக்கு 24, கழுவியதைக் கவிழ்க்க 10. அடுப்பு யுட்டிலிட்டிக் கதவை விட்டுத் தள்ளி இருப்பதால் காற்றில் தீ அலையாது. அடுப்பு தென்கிழக்கு, தண்ணீர் வடகிழக்கு என்று வருவதால் வாஸ்து பேசுகிறவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

சிங்க்கை மேற்குப் பக்கம் மாற்றச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு வேண்டும். 6 அடிக்குக் கிட்டத்தட்ட 2 இன்ச் இறக்கம், அதோடு குழாயின் தடிமன். டைலுக்கு அடியில் உள்ள கலவையில் அதற்கு இடமில்லை. சரிவைக் குறைத்துப் பதித்தால் எண்ணெயும் சோறும் படிந்து மாதம் ஒரு முறை அடைக்கும்.

ஃபிரிட்ஜ் உள்ளே வேண்டாம். அதன் ஆழம் 27, பின்னால் காற்றுக்கு 2, ஆக 29. எதிரில் 24 இன்ச் மேடை இருந்தால் நடை 17 இன்ச். டைனிங்கில், சமையலறைக் கதவை ஒட்டி வையுங்கள்.

மரப்பட்டறை:

மேல சொன்ன அளவு சரி. செய்யும்போது எங்கே கெடும்னு நான் சொல்றேன்.

34 இன்ச் நடையில 20 இன்ச் டிராயரை முழுசா இழுத்தா மிச்சம் 14. நேரா நின்னு குனிய முடியாது, பக்கத்துல நின்னுதான் எடுக்கணும். அதனால டிராயர் அகலம் 24-க்கு மேல வேண்டாம். 36 இன்ச் அகல டிராயர் ஷோரூம்ல அழகா இருக்கும், இங்க அதைச் சுத்திப் போக வழி இல்லை. ஹாப்புக்கு நேர் எதிர்ல மேற்குப் பக்கம் கீழ் அலமாரிக்கு ஷட்டரே போடாதீங்க, திறந்த ஷெல்ஃபா விடுங்க. மத்த இடத்துல ஷட்டர் ஒண்ணு 12 இன்ச் அகலம் தாண்டக் கூடாது. கைப்பிடி துருத்திக்கிட்டு இருந்தா ரெண்டு பக்கமும் சேர்த்து ரெண்டரை இன்ச் நடையைத் தின்னும், போறப்ப வரப்ப புடவைத் தலைப்பு மாட்டும். ஷட்டரின் மேல் விளிம்புலயே விரல் நுழையுற மாதிரி ஜி புரொஃபைல் கொடுங்க.

பிளைவுட் 18 மி.மீ, ஐ.எஸ். 710 (தண்ணி தாங்குற மரைன் பிளைவுட் தரம்) முத்திரை உள்ளதா பாருங்க. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப் ரெண்டும் சிங்க் கிட்ட வேண்டவே வேண்டாம். ஆனா நல்ல பிளைவுட்டும் ஒரு இடத்துல தோக்கும். சிங்க் ஷட்டரோட விளிம்புதான் அது. பாத்திரம் கழுவுற தண்ணி கிரானைட் முனையில வழிஞ்சு, கல்லோட அடிப்பக்கம் ஒட்டிக்கிட்டே உள்ள ஓடி ஷட்டர் தலையில சொட்டும். கொஞ்ச மாசத்துல லேமினேட் வாயைப் பிளக்கும். இதுக்கு மருந்து ரொம்ப சின்னது: கல் ஷட்டரைத் தாண்டி 1 இன்ச் வெளிய நீட்டணும், அந்த நீட்டலுக்கு அடியில, முனையில இருந்து அரை இன்ச் உள்ள தள்ளி, 3 மி.மீ ஆழத்துக்கு ஒரு காடி வெட்டச் சொல்லணும். தண்ணி அந்தக் காடியைத் தாண்டாது, அங்கேயே சொட்டிடும். கல் பதிச்ச பிறகு இதை வெட்ட முடியாது. பட்டறையில இருக்கும்போதே சொல்லுங்க.

சிங்க் 24 × 18 எடுத்தா, 24 இன்ச் கல்லுல முன்னும் பின்னும் சேர்த்து 6 இன்ச்தான் மிச்சம். முன்பக்கம் ரெண்டரைக்குக் குறைஞ்சா அந்தப் பட்டை விரிசல் விடும், தூக்கிட்டு வரும்போதே உடைஞ்சாலும் உடையும். பின்னால மூணரை. குழாயைச் சுவர்ல கொடுத்துட்டா நெருக்கடி இல்லை. பத்தரை அடிக்கு ஒரே கல் கிடைக்கலைன்னா ஜாயின்ட்டை நறுக்குற இடத்துக்கு நடுவுல கொண்டு வாங்க, சிங்க் வெட்டு, ஹாப் வெட்டு பக்கம் வேண்டாம். ஹாப்பை வாங்கி, அதோட டெம்ப்ளேட்டைக் கையில வச்சுக்கிட்டுத்தான் கல்லை வெட்டணும். மாடலுக்கு மாடல் அளவு மாறும்.

உயரம் 34-னு எல்லாரும் சொல்லுவாங்க. சமைக்கிறவங்க முழங்கையை மடக்கி நிக்கச் சொல்லி, அந்த உயரத்துல 4 இன்ச் கழிங்க, அதுதான் அவங்க மேடை.

ஏஏசி பிளாக்குல மேல் கேபினெட் தொங்க விடுறது தனி விஷயம். சாதா பிளக் அடிச்சா ஓட்டை மாவா உதிரும், எவர்சில்வர் பாத்திரம் ஏத்தினதும் கேபினெட் தலையைத் தொங்கப் போடும். ஏஏசிக்குன்னு வர்ற நீள ஆங்கர் போட்டு, நீளத்துக்கு ஒரே ஸ்டீல் ரெயில் அடிச்சு, அதுல மாட்டுங்க.

குறுக்குக்கேள்வி:

ஃபிரிட்ஜை வெளியே தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டைனிங் 9 அடிதான் என்றால் அங்கே நாற்காலி இழுக்க இடம் இருக்காது. கிழக்கு மேடையை டைனிங் முனையில் 28 இன்ச் தள்ளித் தொடங்குங்கள். எதிரில் மேற்குச் சுவரில் ஃபிரிட்ஜ் வந்தால் 70 − 29 = 41 இன்ச் நடை இருக்கும். மிச்சமுள்ள 96 இன்ச்சில் 10 + ஹாப் 30 + நறுக்க 28 + சிங்க் 24 + 4.

இன்ச்டேப்:

கணக்கு உதைக்கவில்லை, கதவு உதைக்கும். பெரும்பாலான ஃபிரிட்ஜ்களுக்குக் கீல் வலது பக்கம். மேற்குச் சுவரைப் பார்த்து நின்றால் வலது கை வடக்கு, அதாவது சமையல் நடக்கும் பக்கம். கதவைத் திறந்தால் அது சமைப்பவருக்கும் தட்டுகளுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும். 41-இல் 22 போனால் 19 இன்ச் சந்தில் சுற்றிக்கொண்டு போய்த்தான் தயிரை எடுக்க வேண்டும். அதோடு காலையில் இருவர் நிற்க 28 இன்ச் நறுக்கும் இடம் போதாது. ஒருவர் மட்டும் சமைக்கும் வீடு என்றால் உங்கள் ஏற்பாட்டுக்கு நான் எதிர்ப்புச் சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால் மேடையின் திறந்த முனையில் 6 இன்ச் உயரத்துக்கு ஒரு கல் தடுப்பு வையுங்கள். வாணலிக் கைப்பிடி நடையில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஃபியூஸ்போனகட்டை:

கேஸ்: சிலிண்டர் யுட்டிலிட்டியில் தாராளமாக இருக்கலாம். ஆனால் ரப்பர் ஹோஸ் அதிகபட்சம் 1.5 மீட்டர், அதாவது 59 இன்ச். உங்கள் ஹாப்பின் நடுப்புள்ளி யுட்டிலிட்டிச் சுவரில் இருந்து 89 இன்ச் தள்ளி இருக்கிறது. எட்டாது. எட்டினாலும் ஹோஸைச் சுவர் ஓட்டை வழியாக விடக் கூடாது, உள்ளே உரசித் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. செம்புக் குழாய் இழுத்து, சுவரைக் கடக்கும் இடத்தில் ஸ்லீவ் (உறைக் குழாய்) போட்டு, ஹாப் பக்கம் கை எட்டும் இடத்தில் ஒரு வால்வு வைக்கச் சொல்லுங்கள். சிலிண்டரைத் தரை டிரெய்ன் பக்கத்தில் வைக்காதீர்கள். எல்.பி.ஜி காற்றை விடக் கனமானது, கசிந்தால் பள்ளம் தேடிப் போய்த் தேங்கும். ஹோஸை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

சிம்னி: ஹாப்பில் இருந்து 26 முதல் 30 இன்ச் உயரம். குழாய் 6 இன்ச், கடைசி வரை 6 இன்ச்சாகவே போக வேண்டும். நடுவில் 4 இன்ச்சாகக் குறைத்தால் சத்தம் மட்டும்தான் கூடும். மேலே ஏறி ஒரு வளைவு, பிறகு பரண் ஓரமாக நேராக வடக்கே. ஓட்டை போடும் இடத்தில் பீம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் வாய் யுட்டிலிட்டிக்குள் முடிந்தால் காயப்போட்ட துணியெல்லாம் தாளிப்பு வாசம் அடிக்கும். கம்பித் தடுப்பைத் தாண்டி வெளியே விடுங்கள்.

கரண்ட்: மைக்ரோவேவுக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று, இண்டக்‌ஷனுக்கு ஒன்று என மூன்று 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ வயர். மேடைக்கு மேல் 8 இன்ச் உயரத்தில் வையுங்கள், ஹாப்புக்கும் சிங்க்குக்கும் நேர் மேலே வேண்டாம்.

விளக்கு: கூரையில் ஒரே டியூப் இருந்தால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும், நறுக்குகிற இடத்தில் உங்கள் தலை நிழல் விழும். மேல் கேபினெட் அடியில் எல்.இ.டி பட்டை ஒட்டுங்கள். சுவரோரம் ஒட்டினால் டைல்தான் மின்னும், கேபினெட்டின் முன் விளிம்பை ஒட்டி வர வேண்டும்.

வேளச்சேரி_வாசி:

ஃபிரிட்ஜ் டைனிங்குக்குப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு சந்தேகம் மிச்சம். 12 இன்ச் மேடையில் கிரைண்டர் நிற்குமா? டைனிங் பக்கக் கதவு சமையலறைக்குள்தான் திறக்கிறது, அது பரவாயில்லையா?

மரப்பட்டறை:

கிரைண்டர் 12 இன்ச்ல நிக்காது, நின்னாலும் ஓடும்போது அதிர்ந்து நகரும். யுட்டிலிட்டியில 2 அடி உயரத்துக்குக் கடப்பாக் கல் மேடை ஒண்ணு போடுங்க. கல்லைத் தூக்கிக் கழுவ அங்கேயே தண்ணி, அங்கேயே டிரெய்ன், சத்தமும் உள்ள வராது. பிளக் மட்டும் சாரல் படாத இடத்துல இருக்கட்டும்.

கதவு ஆகாது. ரெண்டரை அடி கதவு உள்ள திறந்தா, இறக்கி வைக்கிற 20 இன்ச்சையும் ஹாப்புல 10 இன்ச்சையும் மறைச்சுக்கிட்டு நிக்கும். கொதிக்கிற சாம்பாரோட ஒருத்தர் திரும்புறப்ப இன்னொருத்தர் கதவைத் தள்ளுவார். நிலையை அப்படியே வச்சு, கதவைக் கழட்டிட்டு டைனிங் பக்கச் சுவர்ல மேல் ரெயில் போட்டு இழுக்குற கதவா மாத்துங்க. ஒதுங்கி நிக்க 32 இன்ச் வெறும் சுவர் வேணும். ஃபிரிட்ஜ் அந்தப் பக்கமே வருதுன்னா ரெயில் எதிர்ப்பக்கம் ஓடணும், அதனால ஃபிரிட்ஜுக்கு இடம் குறிச்சிட்டு அப்புறம் ரெயிலைச் சொல்லுங்க.