வீட்டுக்குள் மிதித்தால் நம் சைக்கிள் திரையில் ஓடுமே, அந்த ஸ்விஃப்ட் செயலியில் இன்னும் மனதைவிட்டுப் போகாத ஒரு நிமிடம்: உங்களுக்கு எது?

மலைமுழுங்கி:
ஆல்ப் டு ஸ்விஃப்ட் என்ற திரைமலையின் உச்சியில் அந்தப் பரிசுச் சக்கரம் சுழலுமே, அதுதான். 21 கொண்டை ஊசி வளைவும் முடிந்து கண் இருட்டிக்கொண்டு வருகிறது. திரை வண்டிக்கு மாட்ட எல்லாரும் ஏங்குகிற, எடை குறைந்த லைட்வெயிட் வீல் இந்தத் தடவையாவது விழும் என்று பார்த்தால், கையுறை. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதற்கு, கையில் போடக்கூட முடியாத ஒரு கையுறை! மறுநாளும் ஏறினேன்.

பனிக்காலப் பெடல்:
பரிசுக்காக யாரும் தங்குவதில்லை, கூட்டத்துக்காகத்தான். டொராண்டோ ஜனவரி, பேஸ்மென்டில் தனியாக, ரோபோபேசர் கும்பலோடு, அதாவது ஒரே வேகத்தில் ஓடும் கணினி ஓட்டியின் பின்னால் போகிறவர்களோடு, போகிறேன். கும்பலில் இருக்க இருக்கத்தான் டிராப்ஸ் என்ற விளையாட்டுக் காசு பெருகும், விட்டால் திரும்ப அடியிலிருந்து. சரியாக அப்போது அம்மாவின் அழைப்பு. மிதித்துக்கொண்டே எடுத்தேன். "ஏன்டா இப்பிடி மூச்சு இளைக்குது? எங்கை ஓடுறாய்?" ஒரு இடமும் ஓடவில்லை என்றேன். இன்னும் பயந்துவிட்டார்.

வாட்ஸ்_வாத்தியார்:
கூட்டமாம்! டிராப்ஸுக்காகத்தானே அம்மாவிடம் மூச்சுவாங்கப் பேசினீர்கள்? பரிசுதான் எல்லாம். என்னை ஒருவர் ஒளிரும் சக்கரங்களோடு ட்ரான் என்ற பரிசு வண்டியில் முந்திப் போனார், அன்றிலிருந்து எனக்கும் அதே பைத்தியம். புதியவர்கள் கவனிக்க: முதலில் மெனுவில் எவரெஸ்ட் சவாலைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ஏறுவது கணக்கில் சேராது. பிறகு மொத்தம் 50,000 மீட்டர் ஏற வேண்டும். குறுக்கு வழி வேண்டாம். 2019-இல் பிரிட்டிஷ் இ-ரேசிங் (திரையில் நடக்கும் சைக்கிள் பந்தயம்) பட்டம் வென்ற கேமரன் ஜெஃபர்ஸ், அந்த வண்டிக்காக மிதிக்காமல் மென்பொருளை ஓடவிட்டு ஏற்றியிருந்தார். பட்டம் போனது, ஆறு மாதத் தடை, 250 பவுண்ட் அபராதம். அப்புறம், செயலியில் உங்கள் உடல் எடையை உள்ளபடி போடுங்கள். குறைத்துப் போட்டால் மேட்டில் பறக்கலாம், மரியாதை போய்விடும். பெரிய ஃபேன் ஒன்று முகத்துக்கு நேரே. ஹேண்டில்பாரில் துண்டு. சைக்கிளை மாட்டி மிதிக்கும் டிரெய்னர் கருவிக்குக் கீழே ரப்பர் மேட், கீழ்வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

மலைமுழுங்கி:
வாத்தியாரே, ஃபேன் பற்றி இங்கே யார் கேட்டது?

ஓசிச்சவாரி:
ஸ்விஃப்ட் மாதக் கட்டணம் 2024-இல் 14.99 டாலரிலிருந்து 19.99 ஆனதும் மைவூஷ் என்ற இன்னொரு சைக்கிள் செயலிக்கு மாறினேன். இலவசம், அந்த வருடம் யுசிஐ (உலக சைக்கிள் சங்கம்) நடத்தும் இ-சைக்கிளிங் உலக சாம்பியன்ஷிப்பும் அதில்தான் நடந்தது. ஓட்டவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ட்ரானுக்குப் பாதிக்கு மேல் ஏறி வைத்திருக்கிறேனே, அந்த மீட்டரை எல்லாம் இங்கே தூக்கிக்கொண்டு வர முடியுமா? இப்போது இரண்டிலும் ஓட்டுகிறேன். ஒன்றுக்குப் பணமும் கட்டுகிறேன்.