இன்ஜின் மிஸ் அடிக்குது, பெட்ரோலும் குடிக்குது: எங்கே தேடுவது?

சிங்கப்பூர், ஈசூனிலிருந்து:
1.6 லிட்டர், 4 சிலிண்டர், 120,000 கிமீ ஓடிய வண்டி. லிட்டருக்கு 14 கிமீ கொடுத்தது, இப்போ 10.5-ஐத் தாண்டலை. சிக்னலில் நின்றால் குலுங்குது. ராத்திரி மழை பெய்தால் காலையில் இன்னும் மோசம். ஸ்கேனரில் பி0302. பிளக் நாலும் புதுசு, அப்படியும் போகலை. அடுத்து, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் நாலையும் மாற்றச் சொல்றாங்க. மாற்றலாமா?

பிடோக்கிலிருந்து:
பொறுங்க அண்ணே. பி0302 என்றால் 2-ஆம் சிலிண்டர் சரியா எரியலை, அவ்வளவுதான். ஏன் எரியலை என்று அது சொல்லாது.

முதலில் ஃப்ரீஸ் ஃபிரேமை ஃபோனில் படம் எடுத்துக்குங்க. எர்ரர் விழுந்த நேரத்து ஆர்பிஎம், லோட், கூலன்ட் சூடு எல்லாம் அதில் இருக்கும். எர்ரரை அழித்தால் அதுவும் சேர்ந்து போயிடும். இன்ஜின் ஆறியதும் 2-ஆம் காயிலை 3-இல், 3-ஆம் காயிலை 2-இல் போட்டு, எர்ரரை அழிச்சிட்டு ஓட்டுங்க. பி0303 வந்தால் காயில்தான். ஒன்று வாங்கினால் போதும். பி0302 அப்படியே நின்றால் பிளக்கை இடம் மாற்றுங்க, அப்புறம் இன்ஜெக்டர். ஒரு தடவைக்கு ஒரு பொருள்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரைக்கும் தெரியாது.

மழைக்கு மோசம் என்கிறதால், கழற்றின காயிலின் ரப்பர் உறையை நல்ல வெளிச்சத்தில் பாருங்க. உள்பக்கத்தில் மயிரிழை மாதிரி சாம்பல் நிறக் கீறல் இருக்கும். அதற்கு நேராகப் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புத் தடம். தீப்பொறி நுனிக்குப் போகாமல் அந்தத் தடம் வழியாக இன்ஜின் உலோகத்துக்குத் தாவிடுது. ஈரம் இருந்தால் இன்னும் சுலபமாத் தாவும். பழைய உறையில் கீறல் இருந்தால் புது பிளக்கிலும் தடம் விழும். உங்களுக்கு நடந்தது இதுவாகவே இருக்கலாம். அப்படியானால் உறை, பிளக் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றணும். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டையும் குழி சீலையும் பாருங்க. அதை விட்டுட்டுக் காயில் மட்டும் மாற்றினால், ஆயிலில் ஊறி ரப்பர் மறுபடி கெட்டுப்போகும்.

ஜூரோங்கிலிருந்து:
எல்லாம் இடம் மாற்றியும் 2-ஐ விட்டு நகரலைன்னா கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்க. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 15 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்படணும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்க. ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறலைன்னா வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட்.

உட்லண்ட்ஸிலிருந்து:
மைலேஜ் விழுவது தனி நோய் இல்லை. எரியாத சிலிண்டரிலிருந்து காற்று அப்படியே எக்ஸாஸ்டுக்குப் போகுது. ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் பத்தலை என்று சொல்லுது. ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) நல்லா ஓடுற 3 சிலிண்டருக்கும் சேர்த்துக் கூடுதலா ஊற்றுது. ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம், அதாவது ஈசியு பெட்ரோலைக் கூட்டுற குறைக்கிற சதவீதம், பார்த்தால் இது தெரியும். கூட்டியும் கழித்தும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) +20, 2,500 ஆர்பிஎம்மில் +5 என்று இறங்கினால் எங்கேயோ காற்று கசியுது: பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), இன்டேக் கேஸ்கெட். லோட் ஏற ஏற டிரிமும் ஏறினால் ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்கு, இல்லைன்னா பெட்ரோல் பிரஷர் குறைவு. அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடிங்க, உள்ளே இருக்கும் கம்பியைத் தொடாதீங்க. 20 நிமிஷம் ஓடியும் கூலன்ட் 75 டிகிரியைத் தாண்டலைன்னா தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிற்குது. அதுவும் பெட்ரோல் குடிக்கும்.

ரீடிங் எடுக்கக் கார்பார்க்கில் இன்ஜினை ஓடவிட்டு உட்காராதீங்க, இங்கே அது குற்றம். ஸ்கேனர் ஆப்பில் பதிவு போட்டுட்டு ஒரு சுற்று ஓட்டினால் சிக்னலில் ஐடிலும் பிஐஇ விரைவுச்சாலையில் 2,500-உம் கிடைச்சிடும். ஆனால் செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிடும். காயில் விலையும் அதன் விலையும் ஏணி வைத்தாலும் எட்டாது.

சரி செய்த பிறகு மைலேஜை மீட்டரில் பார்க்காமல் டேங்கில் அளங்க. ஒரே பம்ப்பில் தானாக நிற்கும் வரை நிரப்பி, 300 கிமீ ஓட்டி, அதே பம்ப்பில் மறுபடி நிரப்புங்க. நடுவில் ஜொகூர் போக, சிங்கப்பூர் வண்டி முக்கால் டேங்க் பெட்ரோலோடுதான் எல்லை தாண்டணும் என்ற விதிக்காக ஊற்றியிருந்தால் அந்த ரசீதையும் கணக்கில் சேர்த்துக்குங்க.